தூங்கும் மலையும் வெள்ளைத் தரையும்

ஒரு காட்டின் அடிவயிற்றில் நெருப்பு மலை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அது எப்போது படுத்தது என்று யாருக்கும் தெரியாது. எப்போது எழும் என்றும் தெரியாது. அதன் மூச்சுச் சூட்டில் மேலே ஊற்றுகள் கொதித்தன. ஒன்று நீலமாக இருக்கும், ஒன்று மஞ்சளாக இருக்கும். நடுவில் இருந்த பெரிய ஊற்று பனைமர உயரத்துக்குப் பீச்சியடிக்கும். அதை வேடிக்கை பார்க்க எங்கெங்கோ இருக்கிற காடுகளிலிருந்து விலங்குகள் வந்தபடி இருந்தன.

வந்தவர்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவது சிலுப்பி என்ற முள்ளம்பன்றியின் வேலை. ஊற்றுகளைச் சுற்றி வெள்ளை வெளேரென்று தரை பரந்து கிடந்தது. பார்வைக்குக் கெட்டித் தரை, உண்மையில் அப்பளம். அதற்குக் கீழே கொதிநீர். சிலுப்பி ஒவ்வொரு இடமாக வாலால் தட்டிப் பார்த்து, வெற்றுப் பானைபோல ஒலிக்காத இடங்களை மட்டும் தேர்ந்து, உதிர்ந்த தன் முட்களை இரண்டு வரிசையாக நட்டு, அக்கரைக் காடு வரை வழி போட்டிருந்தது.

ஒருநாள் புள்ளிமான் கூட்டம் ஒன்று வந்தது.

“அண்ணன்மாரே, அக்காமாரே! முள்வரிசைக்கு நடுவில் வாங்க. ஒருத்தர் பின்னால் ஒருத்தர். வெள்ளைத் தரையில் மட்டும் கால் வைக்காதீங்க,” என்றது சிலுப்பி.

“அதெல்லாம் இருக்கட்டும். கீழே இருக்கிற மலை எப்போ வெடிக்கும்?” என்று கேட்டது கிளையன். அதுதான் கூட்டத்தின் தலைவன்.

சிலுப்பியின் முதுகில் முட்கள் லேசாக எழுந்தன. காலையிலிருந்து இதே கேள்வி. முயல் கேட்டது. கரடி கேட்டது. முந்தாநாள் வந்த ஆமைகூடக் கேட்டது, ஏதோ வெடித்தால் ஓடிப்போய்விடப் போவதுபோல!

“தெரியாது. நம் பேரன் பேத்தி காலத்திலும் அது புரண்டு படுக்காமலே இருக்கலாம். ஆனால் இந்த வெள்ளைத் தரை இருக்கே, இது கால் வைத்த மறுகணம் உடையும். போன மழைக்காலத்தில் ஒரு காட்டெருமை குறுக்கே போய்…”

“வெடித்தால் சாம்பல் எவ்வளவு தூரம் விழும்?” என்று இடையில் புகுந்தது இன்னொரு மான்.

“எங்கள் காடும் போய்விடுமா?” என்றது அதற்கடுத்த மான்.

காட்டெருமைக்கு என்ன ஆனது என்று கேட்க அங்கே ஒரு காதுகூட இல்லை.

பாதையோர மரத்தில் கருமுகன் என்ற குரங்கு உட்கார்ந்திருந்தது. நாலு பேர் தன்னை அண்ணாந்து பார்த்தால்தான் அதற்குப் பழம் தொண்டையில் இறங்கும்.

“என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்!” என்று அது கிளையை உலுக்கியது. “நேற்றுத் தரை ஆடியது. வாத்துகள் ஏரியை விட்டுப் போய்விட்டன. பெரிய ஊற்று இன்றைக்குப் பீச்சியடிக்கத் தாமதம். இதற்கெல்லாம் என்ன அர்த்தம்? மலை முழித்துக்கொண்டது!”

“ஏ கருமுகா! தரை அடிக்கடி ஆடத்தான் செய்யும். வாத்துகள் வருஷா வருஷம் குளிருக்குப் பயந்து போகும். ஊற்று என்ன உனக்கு வேலைக்காரனா, கூப்பிட்ட நேரத்துக்கு வர? கொஞ்சம் சும்மா இரேன்!”

“பார்த்தீங்களா, மறைக்குது! வருகிற கூட்டம் குறைஞ்சிடுமாம்!”

சிலுப்பி பதில் சொல்வதற்குள் கருமுகன் உச்சிக்கிளைக்குத் தாவி, புலியைக் கண்டால் மட்டுமே போடும் கூச்சலைப் போட்டது.

குரங்கு அப்படிக் கத்தினால் மான் ஓட வேண்டும். இது காட்டில் காலங்காலமாக உள்ள வழக்கம். ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டு நின்ற மான் பிழைத்ததில்லை. கூட்டம் முழுவதும் காதுகளை விறைத்தது. வெள்ளைத் தரைக்கு அப்பால் அக்கரைக் காடு பச்சையாகத் தெரிந்தது. முள்வழி வளைந்து வளைந்து போனது. தரைக்குக் குறுக்கே போனால் நேர்வழி. கிளையன் துள்ளுவதற்கு முன்னங்காலை மடக்கிவிட்டது.

சிலுப்பி அந்தக் காலைக் கவனித்தது. ஒரே ஒரு துள்ளல் போதும், அதைப் பார்த்து மொத்தக் கூட்டமும் கொதிநீரில் விழும். மலை தூங்குகிறது என்றால் நம்பமாட்டார்கள். தரை உடையும் என்றால் காதில் ஏறாது. இத்தனை நாள் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

சட்டென்று முட்களை எல்லாம் விரித்துக்கொண்டு அது கிளையனின் முன்னால் போய் நின்றது.

“உஷ்! முழிப்பும் தூக்கமுமாகப் படுத்திருக்கிறவன் தலைமாட்டில் யாராவது துள்ளுவார்களா?”

கிளையன் மடக்கிய கால் மடக்கியபடியே இருக்க, திருதிருவென்று விழித்தது. “அப்போ… என்ன செய்ய?”

“பூனை நடை. முள்வரிசைக்கு நடுவில். ஒருத்தர் பின்னால் ஒருத்தர். மூச்சுகூட மெதுவாக.”

அவ்வளவுதான். நல்லபடியாகச் சொன்னபோது கேட்காத கூட்டம், தளும்பும் குடத்தைச் சுமப்பதுபோல அடிமேல் அடி வைத்து நடந்தது. ஒரு குளம்புகூட வெளியே படவில்லை.

அக்கரைக் காட்டை அடைந்ததும் கிளையன் திரும்பி மரத்தைப் பார்த்துக் கத்தியது: “கருமுகன் அண்ணே! நல்லவேளை, எங்கள் உயிரைக் காப்பாத்தினீங்க! இங்கே நாவல்பழம் கொட்டிக் கிடக்குது, வாங்க!”

சிலுப்பிக்கு நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. “இந்த அக்கா ஏன்தான் இப்படிச் சிடுசிடுன்னு இருக்கோ,” என்று ஒரு பெண்மான் பக்கத்து மானிடம் முணுமுணுத்தது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

சிலுப்பி முள்வழியே திரும்பி வந்தபோது கருமுகன் மரத்திலிருந்து இறங்கியது. தன்னைக் கொண்டாடுகிறவர்கள் அக்கரையில் நிற்கும்போது சுற்றுவழி எதற்கு? நேராக வெள்ளைத் தரையில் குதித்தது.

“டேய், வழியில் வாடா!” என்று அலறியது சிலுப்பி.

“போக்கா! பூமிக்கு அடியில் இருக்கிற மலை முழித்ததையே கண்டுபிடித்தவன் நான். இந்தத் தரை என்னை என்ன…”

அப்பளம் உடைந்தது.

குதித்த இடம் ஓரமாக இருந்ததால் ஒரு காலோடு போயிற்று. சிலுப்பி ஓடிப்போய் அதன் வாலைக் கவ்வி இழுத்து, பக்கத்தில் ஓடிய குளிர்ந்த ஓடையில் வெந்த காலை முக்கியது.

“ஐயோ, எரியுதே!” என்று கருமுகன் அழுதது. “இப்படி ஒரு ஆபத்து இங்கே இருக்குன்னு ஒருத்தராவது சொன்னீங்களா அக்கா?”

சிலுப்பி அதன் காலை மறுபடியும் ஓடையில் முக்கியது.

நீதி: என்றோ எழப்போகும் மலைக்கு நடுங்குகிறவன், இன்று தன் காலடியில் கொதிப்பதைக் காண்பதில்லை.