இறக்கச் சொல்லி உத்தரவு இல்லை

ரோம ராஜ்யத்தில் அந்த வருஷம் மழைதான் பொய்த்தது, சக்கரவர்த்திகள் நன்றாகவே விளைந்தார்கள். வடக்கே இரண்டு, கிழக்கே மூன்று, கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்று. ஒவ்வொருத்தரும் மற்றவர்களைப் போலி என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் உண்மை பேசினார்கள்.

ராஜ்யத்தின் கடைக்கோடியில், ஆற்றங்கரையில் ஒரு கோட்டை. அதற்குத் தலைவன் தாசியஸ். அவனுக்குக் கீழே நாலு சிப்பாய்கள், அவர்களுக்கு ரொட்டி சுட்டுப்போட வித்தாலிஸ். வித்தாலிஸுக்கு ராஜ்யமும் வேண்டாம், கிரீடமும் வேண்டாம். மாவு பொங்க வேண்டும், அடுப்பு அணையக் கூடாது, தலை கழுத்தின் மேலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். தாசியஸோ உத்தரவில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் செய்வான், இல்லாததை ஒரு எழுத்துகூடச் செய்யமாட்டான். அவனைக் கொண்டுபோய்க் கடைக்கோடியில் வைத்ததுதான் ரோமாபுரி கடைசியாகச் செய்த நல்ல காரியம்.

ஒரு நாள் காலையில் கடிதம் வந்தது. பெரோனியஸ் என்ற தளபதி எழுதியிருந்தார்: "இன்று முதல் நானே சக்கரவர்த்தி. பத்து நாளில் அங்கு வருகிறேன். தாமதமில்லாமல் சக்கரவர்த்தியைக் கேடயத்தில் தூக்கி நிறுத்தி வாழ்க என்று முழங்கவும். எவனாவது கீழே நின்றுகொண்டு 'நான்தான் சக்கரவர்த்தி' என்றால் அவன் வாயைக் கட்டவும்."

அந்தக் காலத்தில் பட்டாபிஷேகம் என்றால் அதுதான். ஆளைக் கேடயத்தில் ஏற்றித் தூக்கிவிட்டால் சக்கரவர்த்தி. புத்தியுள்ளவன் ஆள் வரும்வரை காத்திருப்பான்.

"தாமதமில்லாமல்னு போட்டிருக்கு," என்றான் தாசியஸ். "அப்ப இன்னிக்கே தூக்கணும்."

"அவர் இன்னும் வரலையே, தலைவரே," என்றான் ஒரு சிப்பாய்.

"அது அவர் பாடு. தூக்கறது நம்ம பாடு."

நாலு பேரும் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில், கோட்டையிலேயே எடை குறைந்தவன் யார் என்று பார்த்தார்கள். வித்தாலிஸ் மாவு பிசைந்த கையோடு கேடயத்தில் ஏறினான். பெரோனியஸுக்குப் பதிலாக, சும்மா ஒரு நிமிஷம்தானே என்று நினைத்தான், பாவம். நாலு சிப்பாய்களும் கேடயத்தைத் தலைமேல் தூக்கினார்கள். வாழ்க என்று கத்தினார்கள்.

"சரி, இறக்குங்கப்பா. மாவு புளிச்சிடும்."

தாசியஸ் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தூக்கச் சொல்லி இருக்கு. இறக்கச் சொல்லி இல்லையே."

வித்தாலிஸ் கேடயத்தின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். "யோவ், பெரோனியஸ் வந்து என்னை இங்கே பார்த்தா என் கழுத்து தங்குமா? இறக்குய்யா."

"இறக்குன்னு சொல்றது யாரு? ரொட்டிக்காரனா, சக்கரவர்த்தியா?"

"ரொட்டிக்காரன்தான்."

"ரொட்டிக்காரன் பேச்சைக் கேட்டு ராணுவ உத்தரவை மீற முடியுமா?"

"அப்ப சக்கரவர்த்தி சொல்றேன்னு வச்சுக்கோ."

"நீங்க எப்படிச் சக்கரவர்த்தி? அவர் பெரோனியஸ் இல்லையா?" என்றான் தாசியஸ், ரொம்ப மரியாதையாக.

வித்தாலிஸ் ஒரு தடவை குதித்தும் பார்த்தான். பொறுப்பாக எடுத்துத் தூசி தட்டி மறுபடி மேலே வைத்தார்கள். சாப்பாடு மேலே போயிற்று. தூக்கமும் மேலேயே. பத்து நாளும் அவன் தூரத்துப் பாதையைப் பார்த்துக்கொண்டே கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

பத்தாம் நாள் பெரோனியஸ் வந்தார், தன்னந்தனியாக. வழியில் வேறொரு சக்கரவர்த்தி நல்ல ஒயின் ஊற்றியதில் படை அவர் பக்கம் போய்விட்டது. இவருக்கு மிச்சம் இருந்தது இந்த நாலு சிப்பாய்கள்தான்.

"யார்றா அவன் மேலே?"

"நீங்கதான், பிரபு," என்றான் தாசியஸ்.

"மடையா, நான்தான் சக்கரவர்த்தி."

தாசியஸ் வருத்தத்தோடு அவர் காலடியைப் பார்த்தான். கீழேதான் நின்றுகொண்டிருந்தார். உத்தரவு உத்தரவுதானே. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பிரபுவின் வாயை இறுக்கிக் கட்டினான். பெரோனியஸ் கண் சிவக்க வாளை உருவி வித்தாலிஸைக் காட்டினார்.

"ஐயா சாமிகளா, அவரையும் தூக்கிடுங்க," என்று அழுதான் வித்தாலிஸ். "அவர் மேலே வந்தாத்தான் எனக்கு விடிவு."

"ஒரு ஆளைத்தான் தூக்கணும்னு எழுதலையே," என்று தாசியஸ் ஒத்துக்கொண்டான்.

தூக்கினார்கள். அதே கேடயத்தில் ஏறின வேகத்தில் பெரோனியஸ் வாளை வீசினார். வித்தாலிஸ் குனிந்தான், வழுக்கினான், விழுந்தான், எழுந்து ஓடினான். வாய்க்கட்டைப் பிய்த்தெறிந்த பெரோனியஸ், "விடாதீங்க, அவனைப் பிடிங்க" என்றார். இவரை இறக்கிவிட்டுப் பிடிக்கலாம் என்று அவர்களில் யாருக்குத் தோன்றும்? கேடயத்தோடு, சக்கரவர்த்தியோடு, நாலு பேரும் ஓடினார்கள். தாசியஸ் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் ஓடினான்.

கோட்டை வாசல் வளைவு குதிரைக்காரனுக்கு ஏற்ற உயரம். கேடயத்தில் நிற்பவனை நினைத்து யாரும் கட்டவில்லை. டம் என்று ஒரு சத்தம் கேட்டது.

"சக்கரவர்த்தி திடீர்னு லேசாயிட்டாரே," என்றான் ஒருவன், ஓடிக்கொண்டே.

"நாட்டுக் கவலை ஆளை உருக்கிடும்," என்றான் அடுத்தவன்.

மூச்சு வாங்கி நின்ற வித்தாலிஸ் திரும்பிப் பார்த்தான். கேடயத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. வேறு யாரும் இல்லை. காலி என்று வாயைத் திறந்தால் மறுபடி ஏறப்போவது யார் என்று அவனுக்குத் தெரியும். தடாலென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"சக்கரவர்த்தி வாழ்க. என்னை மன்னிச்சு, அடுப்புப் பக்கம் போக விடுங்க."

எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். மேலே சத்தமில்லை.

"மன்னிச்சுட்டாரா, தலைவரே?"

"வேண்டாம்னு சொல்லலையே," என்றான் தாசியஸ்.

"அப்படியே ரோமுக்குப் போயிடுங்க," என்று வித்தாலிஸ் படுத்தபடியே யோசனை சொன்னான். அதற்கும் மேலிருந்து ஆட்சேபணை வரவில்லை. போனார்கள். பின்னால் தலையில் புடைப்போடு எழுந்த பெரோனியஸுக்குத் தன் பேர்கூட ஞாபகமில்லை. ஆற்றைக் கடந்து எங்கோ போய் ஆடு மேய்த்தாராம்.

வழியெல்லாம் ஜனங்கள் கும்பிட்டார்கள். இந்தச் சக்கரவர்த்தி சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரையும் தூக்கில் போடுவதில்லை என்று கேட்டு இரண்டு போட்டிச் சக்கரவர்த்திகள் நடுங்கிப்போய்ச் சரணடைந்தார்கள். அந்த வருஷம் ஆண்டவர்களில் எட்டு மாசம் தாக்குப்பிடித்தவர் இவர் ஒருத்தர்தான்.

ஆற்றங்கரையில் வித்தாலிஸ் நிம்மதியாக ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் தாசியஸ் பட்டாடையோடு வந்து நின்று வணங்கினான்.

"சக்கரவர்த்திக்குத் தள்ளாமை வந்துட்டது. பாரத்தைப் பகிர்ந்துக்க இளைய சக்கரவர்த்தி ஒருத்தர் வேணும்னு சபை கூடிப் பேசினோம். உங்க பேரைத்தான் முன்மொழிஞ்சோம்."

வித்தாலிஸின் கையிலிருந்த மாவு நழுவியது. "அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"வேண்டாம்னு சொல்லலை," என்றான் தாசியஸ். வாசலில் நாலு பேர் கொஞ்சம் சின்னதாக ஒரு கேடயத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள்.