முதலாளி ஆட்டிய கொடி

1908-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒரு தங்கச் சுரங்க ஊரில் ஆஸ்திரேலிய முறைக் கால்பந்து இறுதியாட்டம். கோல் விழுந்தால் இரண்டு கொடிகளை ஆட்டும் நடுவர், சுரங்கத் தொழிலாளி எட்வின்.

"என் சுரங்க அணிக்கு எதிராக நீ கோல் கொடுத்தால் நாளைக்கு உனக்கு வேலை கிடையாது" என்று காலையிலேயே மிரட்டியிருந்தார் சுரங்க முதலாளி கிராண்டி. எட்வினின் மனைவியோ நிறைமாதக் கர்ப்பிணி.

கடைசி நிமிடத்தில் எதிரணி உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பாய்ந்தது. வெற்றிக்கு அந்த ஒரு கோல் போதும். ஊரே எட்வினைப் பார்த்தது. அவன் கொடிகளோடு முதலாளியிடம் ஓடினான்.

"ஐயா, கம்பத்துக்கு நேராக உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள். நீங்களே ஆட்டுங்கள்!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

கூட்டம் முழுவதும் முதலாளியின் பக்கம் திரும்பியது. எல்லாரும் கண்ட கோலை மறுக்க முடியாமல், முகம் சிவக்க, முதலாளி இரண்டு கொடிகளையும் ஆட்டினார்.

அவற்றைத் திரும்ப வாங்கும்போது எட்வின் மெதுவாகச் சொன்னான்: "கோல் கொடுத்தது நானில்லையே, ஐயா."