மஞ்சள் வாய் மான்கள்

ஆற்றங்கரைப் புளியமரத்தில் வைத்தி என்ற குரங்கு இருந்தது. அது கிளையை உலுக்கித் தழைகளை உதிர்க்கும். கீழே நிற்கும் புள்ளிமான்கள் பொறுக்கித் தின்னும். அந்தக் காட்டில் அதுதான் வழக்கம்.

ஒரு மழைக்காலத்தில் மான்களுக்குக் கொடிய காய்ச்சல் வந்தது. வைத்தி பக்கத்து மரத்தின் கசப்புப் பட்டையை உரித்துக் கீழே போட்டது. தின்ற மான்களின் வாயெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அந்தக் கறை போகவே இல்லை.

"பன்னிரண்டு மான் தின்றன. எட்டு மறுநாளே துள்ளிக்கொண்டு வந்தன!" என்று வைத்தி கூவியது. "காய்ச்சல் கண்ட எல்லோரும் தின்ன வேண்டும். அவற்றைப் போலவே தின்றபின் பொழுது சாயும்வரை தண்ணீரைத் தொடக்கூடாது!"

கூட்டத்தின் தலைவன் செங்கொம்பன் என்ற ஆண்மான். "வைத்தி சொன்னதே சட்டம்!" என்று அது உத்தரவு போட்டது.

அன்று மருதாயி என்ற மானின் குட்டிக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. "அம்மா, தண்ணி" என்று அது முனகியது. செங்கொம்பன் ஒரு துண்டுப் பட்டையைக் கொண்டுவந்து முன்னால் போட்டது.

"ஊட்டு. உச்சிப்பொழுதுக்குள் உள்ளே போக வேண்டும்!"

மருதாயிக்கு மனம் கேட்கவில்லை. புளியமரத்துக்கு ஓடியது.

"வைத்தி அண்ணே! எட்டு வந்தது சரி. மீதி நாலு எங்கே?"

"குணமாகி எங்காவது மேயப் போயிருக்கும். காய்ச்சல் விடவில்லை என்றால் மறுபடி என்னிடம் வந்திருக்குமே!"

"போய்ப் பார்த்தீர்களா?"

"நான் எதற்குத் தரையில் இறங்க வேண்டும்? சிறுத்தைக்குச் சாப்பாடாகவா? எட்டு உனக்குப் போதாதா? அங்கே குட்டி சாகிறது, இங்கே நின்று கேள்வி கேட்கிறாய்! நல்ல தாய்தான்!"

மருதாயி அண்ணாந்து பார்த்தது. நாணல் காட்டுக்கு மேலே ஒரு பிணந்தின்னிக் கழுகு வட்டமிட்டுப் பாறையில் இறங்கியது.

மான்கள் கழுகோடு பேசுவதில்லை. பேசினால் சாவு வீட்டுக்கு வரும் என்று அவை நம்பின. ஆனால் செத்தவற்றின் கணக்கு அதற்குத்தான் தெரியும் என்று மருதாயி பாறையடிக்குப் போனது.

"அடடே, மானா! வழி தவறிவிட்டாயோ?" என்றது கழுகு.

"காய்ச்சல் வந்த பிறகு எத்தனை மான் செத்தது?"

"ஐந்து. எல்லாம் நாணலுக்கு அந்தப் பக்கம். நாலுக்கு வாய் மஞ்சள்."

"பொய்!"

"உன் குட்டி செத்தால் எனக்கு விருந்து. பொய் சொல்வதென்றால், 'யோசிக்காமல் ஊட்டு தாயே' என்றல்லவா சொல்லியிருப்பேன்?"

மருதாயி அதையும் நம்பிவிடவில்லை. நாணலைத் தாண்டிப் போய்த் தானே பார்த்தது. ஐந்து உடல்கள் கிடந்தன. நாலு வாய் மஞ்சள். நாக்குகள் வறண்டு வெடித்திருந்தன. ஐந்தாவதன் வாயில் கறை இல்லை.

ஆனால் பட்டை தின்னாதவை எத்தனை பிழைத்தன? அது தெரியாமல் எதைச் சொல்ல முடியும்? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மருதாயி நாணலுக்குள் புகுந்து தேடியது. ஓடைக்கரையில் ஐந்து மான்கள் மெலிந்துபோய்ப் புல் கடித்துக்கொண்டிருந்தன. ஒன்றின் வாயிலும் மஞ்சள் இல்லை.

"உங்களுக்குக் காய்ச்சல் லேசாக வந்ததோ?"

"லேசாகவா! எழுந்து நிற்க முடிந்திருந்தால் நாங்களும் மரத்தடிக்கு வந்திருக்க மாட்டோமா? தண்ணீரில் வாயை வைத்துக்கொண்டே கிடந்தோம். ஆறு பேரில் ஒன்று போய்விட்டது."

மருதாயி திரும்பி ஓடியது. தின்ற பன்னிரண்டில் நாலு போயின. தின்னாத ஆறில் ஒன்றுதான் போனது. ஆறு பன்னிரண்டாக இருந்திருந்தாலும் இரண்டுதானே போயிருக்கும்!

அங்கே செங்கொம்பன் குட்டியின் வாயருகே பட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தது. மருதாயி குளம்பால் அதை எட்டி உதைத்தது.

"பைத்தியமா உனக்கு? குட்டி செத்தால் பழி யார்மேல்?"

"என்மேல்!" என்றது மருதாயி.

குட்டியை முட்டி முட்டி ஓடைக்கு நகர்த்தியது. குட்டி குடித்தது. குடித்ததைக் கக்கியது. மறுபடி குடித்தது. அதன் உடம்பு தூக்கிப் போட்டது. கழுகு பாறையை விட்டுப் பக்கத்து மரத்துக்கு வந்து உட்கார்ந்தது. கூட்டம் சுற்றி நின்றது.

பொழுது சாயும் நேரத்தில் குட்டி காதை ஆட்டியது. பிறகு தலையைத் தூக்கி, "அம்மா, பசிக்குது" என்றது.

"தண்ணீர்தான் மருந்து!" என்று செங்கொம்பன் கத்தியது. "இனி அதுவே சட்டம்!"

"நிறுத்துங்கள்!" என்றது மருதாயி. "இது ஒரே ஒரு குட்டி. அந்த நாலையும் கொன்றது பட்டையா, தாகமா, காய்ச்சலேதானா? எனக்கும் தெரியாது. பட்டை காப்பாற்றும் என்று சொல்ல நம்மிடம் சாட்சி இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

கிளை வழியே ஓடைக்கரைக்கு வந்திருந்த வைத்தி மெல்ல மரத்தை விட்டு இறங்கி, தரையில் கால் வைத்தது.

"அந்த நாலும் கிடக்கும் இடத்தைக் காட்டு" என்றது.

மருந்து தின்று பிழைத்தவர்களை மட்டும் எண்ணாமல், தின்றும் மாண்டவர்களையும் தின்னாமலே பிழைத்தவர்களையும் தேடி எண்ணிய பிறகே ஒரு மருந்தை நல்லதென்று சொல்ல வேண்டும்.