பூச்சியத்துக்குக் கீழே ஆறு வோல்ட்

மைக் செட் ஞானதிரவியம் அண்ணாச்சிக்கு, தன்னை விட்டால் அந்த வட்டாரத்தில் ஆளே கிடையாது என்று நினைப்பு. அவரிடம் வேலை பார்த்தவள் சொர்ணம்.

ஒரு கல்யாண வீட்டில் மைக் பெட்டியின் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிட்டது. கையில் மிச்சம், ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரிக் கட்டை எட்டை அடுக்கிய டப்பா ஒன்றுதான்.

"இத வச்சு ஓட்டலாம் அண்ணாச்சி" என்றாள் சொர்ணம்.

அண்ணாச்சி பந்தலே பார்க்கச் சிரித்தார். "ஏட்டி, சத்தம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். பெட்டிக்குப் பூச்சியத்துக்கு மேலயும் வோல்ட் வேணும், கீழயும் வேணும். டப்பாவுல மேல பன்னெண்டு இருக்கு, கீழ எங்க இருக்கு? எடுத்துக் குடுத்தா மைக் செட்ட நீயே நடத்து. இல்லேன்னா நாளைக்கு வராத."

"நீங்க பூச்சியத்த அடியில வச்சிருக்கீங்க அண்ணாச்சி. நான் நடுவுல வைக்கேன்."

நாலாவது கட்டைக்கும் ஐந்தாவது கட்டைக்கும் இடையில் ஒரு வயரைச் செருகி, அதுதான் பூச்சியம் என்றாள். மேலே ஆறு, கீழே ஆறு. பெட்டி உயிர் பெற்றது. வந்த சந்தோஷத்தில் மைக்கைப் பிடித்து, "அண்ணாச்சி, கேக்குதா?" என்றாள்.

பந்தி மொத்தமும் திரும்பியது. ஸ்பீக்கருக்கு அடியில் முதுகு காட்டி நின்ற அண்ணாச்சி திரும்பவில்லை. "பாத்தீங்களா, வேலை செய்யல" என்றார் எல்லாரிடமும்.

எதிரில் பேசுகிறவர் வாயைப் பார்த்தே அவர் காலம் தள்ளியது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக ஸ்பீக்கரைக் காட்டினார். அண்ணாச்சி அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்; அதிர்ந்தது. பிறகு மைக் செட் வண்டியின் சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்தார்.

"போகாதீங்க அண்ணாச்சி, நான் சும்மாதான் கேட்டேன்" என்று மைக்கிலேயே கூப்பிட்டாள் சொர்ணம். அவரைத் தவிர எல்லாருக்கும் கேட்டது.