மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்

மாசிலாமணி சாருக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. கவலை ஒரு பக்கம் இருந்தாலும், கணக்கு சரியாக வந்துவிட்ட சந்தோஷம்தான் கண்ணை மூடவிடவில்லை.

முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு தீர்க்கதரிசனங்களில் வரும் நாட்களையும் வாரங்களையும் கூட்டிக் கழித்து, கடைசிக் காலத்தைப் பத்தடித் துணியில் படமாக வரைந்திருந்தார். முதலில் எக்காளம் ஊத, கர்த்தர் மேகத்தில் வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகே பூமிக்கு மிருகத்தின் ஆட்சி, ஏழு வருட உபத்திரவம். கோடு கோணாமல், எழுத்து பிசகாமல், எல்லாம் அந்தத் துணியில் இருந்தது.

சனிக்கிழமை காலை அதைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஆசிரமத்துக்குப் போனார். மகள் தெபோராள் பின்னாலேயே வந்தாள். கல்யாண ஜாக்கெட் வாங்க அவளுக்கு டவுனுக்குப் போக வேண்டியிருந்தது.

ஆசிரமம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் நான்கு ஓட்டு வீடுகள், ஒரு ஜெப அறை. அதை நடத்துகிறவரை எல்லோரும் அண்ணன் என்றார்கள். அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது. துறவுக்கு வருமுன் பதினோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அறுபத்தொரு வயது மாசிலாமணி சார் அவரிடம்தான் மூன்று வருடமாக வேதம் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். எடுத்துக்கொள்ளப்படுறது உபத்திரவத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அண்ணன் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"என்ன அவசரம் சார்?"

"நாளைக்கு மூணாம் ஓலை."

கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறுகளில் கோயிலில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று குருவானவர் கேட்பார். அதுதான் ஓலை. தெபோராளுக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையின் அப்பா அந்திரேயா ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் வாய் திறந்தார். சபை எங்கேயும் தப்பிப் போகாது, உபத்திரவத்தைக் கடந்துதான் போகும் என்று சொல்லிவிட்டார். மாசிலாமணி சார் அந்த இடத்திலேயே காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"நீங்க முன்னாலன்னு சொல்லிட்டீங்கன்னா, நாளைக்கு நான் எழுந்து நின்னு தடை சொல்லிருவேன்."

"சொந்த மகளுக்கா?"

"சொந்த மகளுக்குத்தான் அண்ணே. முழிச்சிருந்து எதிர்பார்க்கிறவங்களைத்தான் அவர் கூட்டிட்டுப் போவார். அந்த வீட்ல ஒருத்தரும் எதிர்பார்க்கலையே. அங்க போனா இவளும் அப்படித்தான் ஆவா. எக்காளம் ஊதும்போது நான் மேல போயிருவேன். இவ கீழ நின்னுருவா."

தெபோராள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணன் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"வாங்க, டவுனுக்குப் போவோம். இன்னைக்குக் கன்வென்ஷன் கூட்டத்துக்குக் கடைசி நாள்லா?"

பஸ் நிறுத்தத்தில் ஊரே நின்றது. கடைசி நாளில் பெரிய பிரசங்கியார் கர்த்தர் வரும் தேதியையே சொல்லப்போகிறாராம். பேப்பரில் யுத்தச் செய்தி. பெண்கள்கூட நாடுகளின் பெயர்களைச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் குடையோடு அந்திரேயா.

அவ்வளவுதான். படம் தோளிலிருந்து இறங்கியது.

"இதைப் பாரும்வே! முதல்ல மேகம். அதுக்குப் பிறகு மிருகம். கண்ணு இருக்குல்லா உமக்கு?"

"கண்ணு இருக்கு. உம்ம ஸ்கேல்தான் கோணல். பாடு படாம பரலோகமா? எந்த ஊரு நியாயம் ஓய் அது?"

"பெண்டாட்டி ஆகப்போறவளை எவனாவது அடி வாங்க விடுவானா? சபை அவருக்கு மணவாட்டிவே!"

"அப்போ ரத்தசாட்சியா செத்தவங்கல்லாம் யாரு? வேலைக்காரிகளா?"

டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் இடையில் வந்தார். "எங்க சபையில கர்த்தர் வந்து ஆளுற ஆயிர வருஷ அரசாட்சியே கிடையாது. அதெல்லாம் ஓர் அடையாளம்."

"நீர் டீயைக் குடியும்!" என்றார்கள் இருவரும் ஒன்றாக. அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஒரு கிழவி கேட்டாள்: "ஏய்யா, எல்லாம் தெரிஞ்சவங்களா இருக்கீங்க. பதினொன்றரை பஸ் எப்ப வரும்?"

யாருக்கும் தெரியவில்லை.

அது வந்தபோது மணி பன்னிரண்டு. முன்படியில் பெண்கள், பின்படியில் ஆண்கள். ஒரே தள்ளுமுள்ளு. மாசிலாமணி சார் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அண்ணன் பின்னால் ஏறினார். முன்படியில் தெபோராள் கைக்குழந்தைக்காரி ஒருத்தியை ஏற்றிவிட்டு, கிழவியின் கூடையைத் தூக்கி உள்ளே கொடுத்தாள். இனி அவள்தான் ஏற வேண்டும்.

அண்ணன் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். பதினோரு வருடப் பழக்கம். அப்படியே கண்டக்டர் விசில்.

"ரைட்! போலாம்!"

பஸ் கிளம்பிவிட்டது.

மாசிலாமணி சார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். புழுதிக்குள் மகள் நின்றாள். ஒரு கை பஸ்ஸை நோக்கி நீண்டபடியே இருந்தது. சின்னதாகிக்கொண்டே போனாள்.

"அண்ணே! பிள்ள ஏறல!"

"ஆமா சார்."

"யாருய்யா விசில் அடிச்சது?" கண்டக்டர் நடுவிலிருந்து கத்தினார்.

"நாந்தான்," என்றார் அண்ணன்.

"நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!"

"பதறாதீங்க பெரியவரே. அரை மணி நேரத்துல பின்னால இன்னொரு வண்டி வருது. அதுல வந்துரும் பாப்பா," என்றார் கண்டக்டர்.

"ஜன்னலோரம் இடம் இருக்கு சார்," என்றார் அண்ணன். "டிக்கெட்டும் வாங்கிட்டேன். உக்காருங்க."

"பிள்ள நிக்கிதுன்னு சொல்லுதேன், உக்காரச் சொல்லுதீங்களே!"

அவர் அண்ணனைக் கையால் தள்ளினார். மூன்று வருடத்தில் குரலைக்கூட உயர்த்தாதவர். பாலத்துக்கு முன் வேகத்தடையில் பஸ் மெதுவாகியது. சார் குதித்தார். ஒரு செருப்பு படியிலேயே நின்றுவிட்டது. படமும் பஸ்ஸோடு போய்விட்டது. எதையும் அவர் பார்க்கவில்லை. தார் கொதிக்கும் ரோட்டில், அறுபத்தொரு வயதில், வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் ஓடினார். "வாறேன் பிள்ள! அப்பா வாறேன்!" என்று கேட்காத தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு ஓடினார்.

நிறுத்தத்தில் தெபோராள் குடை நிழலில் நின்றாள். குடையைப் பிடித்திருந்த அந்திரேயா வெயிலில் நின்றார்.

சாருக்கு மூச்சு வாங்கியது.

"நீர்... நீர் ஏறலியா?"

"ஏறத்தான் கால் வச்சேன். பிள்ள ஏறலைன்னதும் காலை எடுத்துட்டேன்."

"அடுத்த வண்டியில போனா பாதிப் பிரசங்கம் போச்சே உமக்கு."

"போவட்டும்வே. இத்தனை வெயில்ல பொம்பளப்பிள்ளையைத் தனியா விட்டுட்டுப் போயி, நான் என்னத்தக் கேட்கப் போறேன்?" பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உம்ம படத்துப்படி நீர் இந்நேரம் மேல போயிருக்கணுமே?"

"மாமா, சும்மா இருங்க," என்றாள் தெபோராள். குனிந்து அப்பாவின் காலைப் பார்த்தாள். "செருப்பு எங்கப்பா? கொப்புளம் போட்டிருக்கு பாருங்க."

கால் மணி நேரத்தில் அண்ணன் நடந்து வந்து சேர்ந்தார். கையில் அந்தச் செருப்பு.

"படம்?" என்றார் அந்திரேயா.

"அது டவுனுக்குப் போய்க்கிட்டிருக்கு."

மாசிலாமணி சார் அண்ணனை மறித்து நின்றார்.

"இது என்ன விளையாட்டு அண்ணே? நான் உங்களைக் குருன்னு நம்பி வந்தவன்."

"நீங்க கேட்ட கேள்விக்குத்தான் சார். டிக்கெட் இருந்துது. இடம் இருந்துது. பின்னால வண்டி வருதுன்னு கண்டக்டரே சொன்னார். ஏன் குதிச்சீங்க?"

"என்ன கேள்வி இது? பிள்ள நிக்கிது. நான் எப்படி அண்ணே போவேன்?"

அண்ணன் குனிந்து செருப்பை அவர் காலடியில் வைத்தார்.

அந்திரேயா தொண்டையைச் செருமினார். "நாளைக்குக் கோயில்ல எழுந்து நிக்கப் போறீராமே ஓய்? ஊரெல்லாம் பேச்சு."

தெபோராள் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் அந்திரேயாவைப் பார்த்தார். எதிரில் நின்ற மனிதரின் சட்டை வேர்வையில் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. குடை இன்னும் அவள் தலைக்கு மேலேதான் இருந்தது.

"நிக்க மாட்டேன்," என்றார். "முன்வரிசையில உம்ம பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அவள் அழுதாள், சிரித்தாள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்திரேயா குடையை ஆட்டி, "அல்லேலூயா!" என்று ரோடே அதிரக் கத்தினார். டீக்கடையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மாசிலாமணி சார் மட்டும் அண்ணன் அருகே நகர்ந்து வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"இருந்தாலும் அண்ணே, பயம் போகலை. அந்த நாள்ல நிஜமாவே இவ நின்னுட்டான்னா?"

அண்ணன் பஸ் போன திசையைப் பார்த்தார்.

"ஒரு பிள்ள நின்னுச்சுன்னு நீங்களே ஓடுற வண்டியிலருந்து இறங்கிட்டீங்க. அவர் இறங்க மாட்டாருன்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?"