மாசிலாமணி ஆற்றுக்குப் போன நாள்

உமையாள் அம்மையின் சீடர்களில் மாசிலாமணிதான் வயதில் மூத்தவர். அம்மைக்கு நாற்பது, அவருக்கு அறுபத்தாறு. பாடத்துக்குக் கடைசியாக வந்து உட்கார்வார், முதல் ஆளாக எழுந்து ஓடுவார். மனைவி கோமதி பக்கவாதத்தில் விழுந்து நான்கு வருடமாகிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர் ஒருவர்தான்.

அன்று பாடம் முடிந்தும் அவர் எழவில்லை.

"தொண்டுதான் தவம்னு சொன்னீங்க, தாயே. ஒருநாள் விடாம செய்யறேன். நேத்து அவ சாப்பிட மாட்டேன்னு வாயை இறுக மூடிக்கிட்டா. கஞ்சிக் கிண்ணத்தைச் சுவத்துல வீசிட்டேன். எங்கே தப்பு பண்றேன்?"

"துணைக்கு யாரையாவது கூப்பிட்டீங்களா, ஐயா?"

"கட்டினவன் நான் இருக்கும்போது அடுத்தவங்க கையில விடறது பாவமில்லையா?"



மறுநாள் காலை அம்மை மாசிலாமணியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே ஆசிரமத்துப் பெண்கள் இருவர், சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவர்.

"இந்த நர்ஸம்மா வீட்டுக்கே வந்து கை கால் பயிற்சி கொடுப்பாங்க. கேட்டாலே போதும்," என்றார் அம்மை. "நீங்க ஆத்துல குளிச்சிட்டு வாங்க."

"பத்து நிமிஷத்துல என்னைத் தேடுவா, தாயே."

"தேடினா ஆள் அனுப்பறேன்."

திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஆற்றில் கழுத்தளவு தண்ணீர். முங்கினார். மல்லாந்து மிதந்தார். கரையேறியதும் பசித்தது, முக்குக் கடையில் ஆறு இட்லி சாப்பிட்டார். ஆள் யாரும் வரவில்லை. படித்துறை மண்டபத்தில் சற்றே சாய்ந்தவர் கண் விழித்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

பதறி ஓடினார். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. கோமதியின் சிரிப்பு. அது எப்படி இருக்கும் என்பதையே அவர் மறந்திருந்தார்.

கோமதி தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தார்கள். குழறும் வாயால் தங்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வேட்டி தடுக்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவரைக் கண்டதும் கோமதி இடக்கையை அசைத்தாள். "இன்னும்... கொஞ்ச நேரம்... இருந்துட்டு வரலாமே."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது. அம்மையைப் பார்த்தார்.

"செவ்வாயும் வெள்ளியும் இவங்க வருவாங்க, ஐயா."

"எனக்கு ஓய்வு வேணும்னு அவளை விட்டுட்டுப் போறது..."

"உங்களுக்கு மட்டும்னு யார் சொன்னா? அவங்களும் நாலு வருஷமா உங்க ஒரு முகத்தையேதானே பார்த்துக்கிட்டுப் படுத்திருக்காங்க."