நெய் ரோஸ்ட் வழக்கு

மந்திப்பொட்டல்காரர்கள் சொல்லும் தீர்ப்பில் ஓரவஞ்சனை இருக்காது என்று அந்த வட்டாரமே சத்தியம் செய்யும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. எந்த வழக்கும் அவர்களுக்குப் புரிந்ததே கிடையாது. வாதி யார், பிரதிவாதி யார் என்பதே கடைசிவரை பிடிபடாதவர்கள் யார் பக்கம் சாயப்போகிறார்கள்?

இந்தப் பெருமையை நம்பித்தான் கருங்காவனூர் வணிகர் சங்கத்தார் தங்கள் தலைவலியைத் தூக்கிக்கொண்டு மந்திப்பொட்டலுக்கு வந்தார்கள். கருங்காவனூரில் புதுப் பேருந்து நிலையம் கட்டியிருந்தார்கள். அதில் சாப்பாட்டுக் கடைக்கென்று ஒரே ஓர் இடம். கேட்டு வந்தவர்களோ இரண்டு பேர். ஒருவர் சந்தைத் தெருவில் ஓட்டுக் கட்டடத்தில் மெஸ் நடத்தும் பொற்கொடி அக்கா. இன்னொருவர் கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே செயற்கை நீர்வீழ்ச்சி எல்லாம் வைத்து 'ராஜபோகம்' ஏசி ஓட்டல் நடத்தும் பன்னீர். பொற்கொடி மெஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. ராஜபோகத்தில் எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காரலாம். அலுத்துப்போனால் மாறி மாறியும் உட்காரலாம். ஆனால் பன்னீருக்குச் சங்கத்தில் சொந்தக்காரர்கள் அதிகம். பொற்கொடிக்கு ஊரில் வாடிக்கைக்காரர்கள் அதிகம். நடுநிலையான நாக்கு ஒன்றுகூட உள்ளூரில் அகப்படவில்லை.

மந்திப்பொட்டல் பஞ்சாயத்தில் நான்கு பேர். தலைவர் தவசியாண்டி. அவர் மனைவியின் தம்பி சடையப்பன். சட்டம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய உலகநாதன். எதையும் யோசித்துத்தான் பேசுவார் என்பதால் பெரும்பாலும் பேசாத பெத்தணன்.

சங்கச் செயலாளர் ஞானசிகாமணி நால்வரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். "ரெண்டு கடையிலயும் போய் உட்காருங்க. ருசி எப்படி, கவனிப்பு எப்படின்னு பாருங்க. பஞ்சாயத்துல எப்படி நேர்மையா இருப்பீங்களோ அப்படியே இங்கயும் இருக்கணும். நீங்கதான் நடுவருங்கன்னு யாருக்கும் தெரியக்கூடாது. ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க."

நால்வரும் தலையாட்டினார்கள். தவசியாண்டி மட்டும் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார். அதற்குக் காரணம் உண்டு.

வாரம் தவறாமல் வியாழக்கிழமைச் சந்தைக்கு வருகிறவர் தவசியாண்டி. அவர் மனைவி ராக்காயி ஓட்டல் சோறு குடலை அறுத்துவிடும் என்று தீர்மானமாக நம்புகிறவள். புளிச்சோறு கட்டிக் கொடுத்துத்தான் அனுப்புவாள். மனிதர் பொற்கொடி மெஸ்ஸுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்பார். அப்போது பார்த்து உள்ளே நெய் ரோஸ்ட் போகும். கோபுரம் மாதிரி நிமிர்ந்து, ஓரமெல்லாம் சிவந்து, மேலே நெய் பளபளக்க, தட்டுக்கு அடங்காமல் போகும். தவசியாண்டி வாயால் புளிச்சோறும் மூக்கால் நெய் ரோஸ்ட்டும் சாப்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டார். அதில் ஒரு விள்ளல், ஒரே ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்க்காமல் செத்துப்போய்விடுவோமோ என்று அவருக்குப் பயமே வந்துவிட்டது. இப்போது சங்கமே கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்கிறது. ராக்காயியும் மறுக்க முடியாது. ஆனாலும் வியாழக்கிழமை காலையில் அவள் வழக்கம்போலப் புளிச்சோறு கட்டி, தம்பி வருகிறானே என்று நால்வருக்கும் சேர்த்தே கொடுத்தனுப்பினாள்.

முதலில் ராஜபோகம். கண்ணாடிக் கதவில் கை வைக்கப்போன தவசியாண்டியை உலகநாதன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"தலைவரே, வழக்காளி வீட்ல பஞ்சாயத்துக்காரன் கை நனைக்கலாமா?"

"பச்சத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது" என்றார் சடையப்பன். "அது நம்ம ஊர்ச் சட்டமாச்சே. கிணத்து வழக்குல மச்சான் மோரைக்கூட வேண்டாம்னு தள்ளுனாரே!"

தவசியாண்டி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அன்றைக்கு அந்த மோரைக் குடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"அது வீடுப்பா. இது கடை. காசு குடுத்துல்ல சாப்பிடப்போறோம்?"

"அது அதவிட மோசம்" என்றார் உலகநாதன். "வழக்காளி பஞ்சாயத்துக்காரனுக்குக் காசு குடுத்துக் கேள்விப்பட்டிருக்கோம். பஞ்சாயத்துக்காரனே வழக்காளிக்குக் காசு குடுத்தா நாடு தாங்குமா?"

நாடு தாங்காதுதான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தலைவரும் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்புறம் ருசி பார்ப்பது எப்படி என்ற கேள்வி வந்தது. அங்கேதான் பெத்தணன் வாயைத் திறந்தார்.

"நம்மகிட்டத்தான் புளிச்சோறு இருக்கே. ரெண்டு கடையிலயும் உட்கார்ந்து அதையே தின்னுவோம். எந்தக் கடையில ருசியா இருக்கோ அது நல்ல கடை. வேற வேற பதார்த்தத்தைத் தின்னு வித்தியாசம் பாக்குறது நியாயமா? ஒரே பதார்த்தத்தைத் தின்னாத்தான கடையோட லட்சணம் தெரியும்?"

இவ்வளவு நுட்பமான யோசனையைக் கேட்டு மற்ற மூவரும் பெத்தணனுக்கு ஒரு கும்பிடு போட்டார்கள்.

ஒருவரை ஒருவர் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாதே. நால்வரும் தனித்தனியாக உள்ளே போய், ஒரே மேசையில் வந்து சேர்ந்தார்கள். கல்லாவில் பன்னீர் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழும்படி சடையப்பன் சத்தமாகக் கேட்டார்.

"ஐயாவுக்கு எந்த ஊருங்க?"

"மந்திப்பொட்டலுங்க. பேரு தவசியாண்டி. நீங்க?"

"நானும் மந்திப்பொட்டல்தாங்க. உங்க சம்சாரத்தோட தம்பி. ஆனா நாம இதுக்கு முன்னால பார்த்ததில்ல."

"பார்த்ததே இல்லைங்க" என்று தவசியாண்டியும் உறுதியாகச் சொன்னார்.

பன்னீருக்கு அதற்குமேல் சந்தேகம் இருக்குமா? ஓடிவந்து கும்பிட்டார். நால்வரும் பொட்டலத்தைப் பிரித்ததும், சுவரில் இருந்த பலகையைச் சர்வர் கையால் காட்டினார். 'வெளி உணவுகளுக்கு உள்ளே அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. உலகநாதன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இது வெளி உணவு இல்லப்பா, வீட்டுச் சாப்பாடு" என்று விளக்கம் சொன்னார். பன்னீர் சர்வரை முறைத்து விரட்டிவிட்டு, தானே நான்கு தட்டு கொண்டுவந்து வைத்தார். நடுவர்கள் கல்லைத் தின்றாலும் பக்கத்தில் சட்னி வைக்கத் தயாராக இருந்த மனிதர் அவர். சட்னியைத்தான் அவர்கள் வாங்க மறுத்தார்கள்.

பக்கத்து மேசையில் ஒருவர் காளான் வறுவலை வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் விட்டார். காரமா, பழையதா என்பது அவருக்கும் சமையல்காரருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நடுவர்கள் உருகிப்போனார்கள்.

"சாப்பிடுற மனுசனை அழ வைக்குதுய்யா. என்ன கைப்பக்குவம்!" என்றார் சடையப்பன்.

அடுத்து பொற்கொடி மெஸ். அங்கே நால்வருக்கும் சேர்ந்தாற்போல இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே புளிச்சோறு தின்றார்கள். தவசியாண்டியின் மூக்குக்கு நேராக நெய் ரோஸ்ட்டுகள் ஊர்வலம் போயின. ஒன்று அவர் காதை உரசிக்கொண்டே போனது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நாட்டு நன்மைக்காக எவ்வளவோ பேர் எவ்வளவோ தாங்கியிருக்கிறார்கள், ஆனால் அவர்களில் ஒருவருக்கும் இவ்வளவு கிட்டத்தில் நெய் மணத்திருக்காது.

பொற்கொடி அக்கா தோசைக்கல்லை விட்டு நகராமலே எட்டிப் பார்த்தாள்.

"யாருப்பா அது, வீட்ல இருந்து சோறு கட்டிக்கிட்டு வந்து என் கடையில நின்னு திங்கிறது? கொஞ்சம் ஓரமா நின்னு தின்னுங்க, சாம்பார் வாளி போகணும்."

மெஸ்ஸில் இடம் பிடித்திருந்தவர்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். சிலர் விரலைக்கூட விடாமல் நக்கினார்கள்.

"பாவம், வயிறு நிறையல போலிருக்கு" என்றார் பெத்தணன்.

சாப்பிடாமலேயே கடைக்குக் கடை நட்சத்திரம் போட்டுத் தீர்ப்பெழுதும் மகான்கள் இப்போது போனுக்கு ஒருவர் இருக்கிறார்கள். இந்த நால்வர் அந்த விஷயத்தில் முன்னோடிகள். இவர்கள் நேரிலாவது போனார்கள், அதற்காகவே கும்பிடலாம்.

தீர்ப்பை முடிவு செய்யத் தண்ணீர்த் தொட்டி நிழலில் கூடினார்கள்.

"ராஜபோகத்துல புளி கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு" என்று ஆரம்பித்தார் சடையப்பன்.

"மெஸ்ஸுலயும் அதே தூக்கல்தான்" என்றார் உலகநாதன்.

"ரெண்டு கடையிலயும் அப்படியே என் வீட்டுக்காரி கைப்பக்குவம்" என்று பெருமூச்சு விட்டார் தவசியாண்டி. "ருசி சமம்னு எழுதிக்குவோம். அதை விடுங்க. தீர்ப்பு சொல்லி முடிச்சப்புறம் நாம சாப்பிடலாமில்ல?"

சட்டம் தெரிந்த உலகநாதன் வெகுநேரம் தாடையைத் தடவினார். "ஜெயிச்ச வழக்காளி வீட்ல சாப்பிட்டா அது தீர்ப்புக்குக் கூலி. தோத்த வழக்காளி வீட்ல சாப்பிட்டா அது ஆறுதல். ஆறுதல் சொல்லப் போறதுக்குத் தடை கிடையாது."

தவசியாண்டி விரல் விட்டுக் கணக்குப் போட்டார். மெஸ் ஜெயித்தால் நெய் ரோஸ்ட் இந்த ஜென்மத்துக்கு இல்லை. மெஸ் தோற்றால் இன்றைக்கே உண்டு. அவருக்குப் பொற்கொடியை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்தை ஒரு தட்டிலும் நெய் ரோஸ்ட்டை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்தார். நெய் ரோஸ்ட் தட்டு தரையைத் தொட்டுவிட்டது.

"என் மனசுக்கு மெஸ்ஸு தோக்கணும்னு படுது" என்றார் தழுதழுத்த குரலில்.

"எனக்கும்" என்றார்கள் மற்ற மூவரும், அவர் வாய் மூடுவதற்குள். மூக்கு எல்லாருக்கும்தானே இருக்கிறது.

சங்கக் கட்டடத்தில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. பன்னீரின் சொந்தக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். ஞானசிகாமணி மட்டும் விழித்தார்.

"காரணம் சொல்லணுமில்லங்க?"

"எங்களுக்குப் பொற்கொடி மெஸ்ஸுல சாப்பிடணும்னு ரொம்ப ஆசை. அதான் தோக்கடிச்சோம்" என்றார் தவசியாண்டி.

"அப்ப நல்ல கடை எது?"

"இதென்னங்க கேள்வி? பொற்கொடி மெஸ்ஸுதான்."

ஞானசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பன்னீர் மாலையோடு வந்து நால்வரையும் விருந்துக்கு அழைத்தார். "நீங்க ஜெயிச்சுட்டீங்களே, உங்க கடையில எப்படிங்க சாப்பிட முடியும்?" என்று கேட்டுவிட்டு, நால்வரும் சந்தைத் தெருவைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்கள்.

மெஸ்ஸில் சாயங்காலக் கூட்டம் இன்னும் சேரவில்லை. நாலு நெய் ரோஸ்ட் வந்தது. தவசியாண்டியின் தட்டில் இருந்தது அவர் கனவில் வருவதைவிட ஒரு சாண் உயரம். ஓரத்தைக் கிள்ளினார். மொறுக்கென்று சத்தம் வந்தது. நடுவில் நெய் ஊறிய இடமாகப் பார்த்து ஒரு பெரிய விள்ளல் எடுத்து, தேங்காய்ச் சட்னியில் புரட்டி வாயில் போட்டார். அவர் கண் தானாகச் சொருகிக்கொண்டது. உலகம் அவ்வளவு நல்ல இடம் என்று அவருக்கு இத்தனை நாள் யாருமே சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தீர்ப்பு பொற்கொடியின் காதுக்கு எட்டியது. தோசைத் திருப்பியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"என் கடைப் பண்டத்தை ஒரு வாய் திங்காம, நான் தோத்துட்டேன்னு சொன்னது நீங்கதானா? என்னால ஒத்துக்க முடியாது! மறுபடி விசாரிங்க! இல்லன்னா ஒருத்தனும் வெளிய போக முடியாது!"

"அப்பீல்!" என்று அலறினார் உலகநாதன். "எல்லாரும் கையை எடுங்கப்பா! வழக்கு திரும்ப வந்துருச்சு. நாம மறுபடியும் பஞ்சாயத்துக்காரங்க!"

மூன்று கைகள் தட்டை விட்டு விலகின. ஆறு கண்கள் தவசியாண்டியின் கன்னத்தைப் பார்த்தன. கன்னம் உப்பியிருந்தது.

"மச்சான், முழுங்கிறாதீங்க!" என்று பதறினார் சடையப்பன். "முழுங்குனா வழக்காளி வீட்ல சாப்பிட்ட குத்தம்!"

"துப்பவும் கூடாது" என்றார் பெத்தணன். "துப்புனா பண்டம் நல்லா இல்லன்னு விசாரணைக்கு முந்தியே தீர்ப்பு சொன்னதா ஆகிரும்."

"அப்ப என்னதான் பண்றது?"

உலகநாதன் கொஞ்சமும் தயங்கவில்லை. "அப்பீல் முடியிற வரைக்கும் வாயிலயே வச்சிருக்கணும்."

பொற்கொடி தோசைத் திருப்பியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "சரி, எப்ப விசாரிப்பீங்க?" என்று கேட்டாள்.

"தேதி தலைவர்தாம்மா சொல்லணும்."

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் வாயைத் திறக்கவில்லை. அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது. நீதிக்காக ஒரு மனிதர் இப்படி அழுவதைப் பார்த்துப் பொற்கொடிக்கே மனசு இளகிவிட்டது. வெளியே போகலாம் என்று வழிவிட்டாள்.

மந்திப்பொட்டல் பேருந்தில் நால்வரும் ஏறி உட்கார்ந்தார்கள். நடத்துனர் வந்து தவசியாண்டியிடம் எந்த ஊர் என்று கேட்டார். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டார். உப்பிய கன்னத்தைப் பார்த்ததும் அவருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"என்னண்ணே, பல்வலியா?"

"இல்லப்பா" என்றார் சடையப்பன், தலைவரின் தாடையை ஒரு கையால் பத்திரமாகத் தாங்கிக்கொண்டு. "வழக்கு நிலுவையில இருக்கு. வண்டியை மட்டும் பள்ளத்துல விடாம ஓட்டச் சொல்லு."